படலைக்கு வெளியேதான் பயிற்சி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன நிலையத்தாருக்கு நன்றி.

யாரோடு பேச வந்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பாடசாலை மைதானத்தில் ஓடினவர்கள், பாய்ந்தவர்கள், குண்டு போட்டவர்கள், வலைப்பந்து ஆடினவர்கள், இப்போது கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை மைதானத்தில் இறங்கும்போது வேலிக்கரையில் நின்று கையைப் பிசைகிறவர்கள். உங்களோடுதான் பேசுகிறேன். உங்களில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கும்: எனக்குத்தான் தெரியுமே, நானே பயிற்சி கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். நானும் கொடுத்தேன். நான் உயரம் பாய்ந்தவள், அப்புறம் விளையாட்டு ஆசிரியராக வந்தவள், என் மகளுக்கும் மகனுக்கும் நானே பயிற்சி கொடுத்தேன். ஆனால் பெற்ற பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதும் வகுப்புப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதும் ஒன்றல்ல. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நான் பாடசாலையில் நன்றாகப் பாய்ந்துகொண்டிருந்த காலம் 1983. அந்த வருடத்துக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் போட்டிக்குப் போவது என்கிற பேச்சே வீட்டில் எழவில்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பாதை பூட்டு, பொருளாதாரத் தடை, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு. ஸ்பைக்ஸ் சப்பாத்தைக் கண்ணால் காணாமலே மாகாண மட்டத்துக்கு ஓடக்கூடிய கால்கள் எத்தனையோ இருந்தன, அந்தக் கால்கள் எல்லாம் சாமான் கட்டிய சைக்கிளை உழக்கிக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போயின. 2002இல் தெற்கே போகிற ஏ9 வீதி திறந்தது, 2006இல் திரும்பவும் பூட்டியது. ஆக, இங்கே நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிற முன்னாள் வீரர் வீராங்கனை யாரைக் கேட்டாலும் ஓடி முடிக்காத ஓட்டம் ஒன்று மனதில் இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தைப் பிள்ளை ஓடி முடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், பத்து வயதுப் பிள்ளை தூக்க முடியாத சுமையைத் தூக்கிக்கொண்டுதான் கோட்டில் வந்து நிற்கும். பிள்ளை ஓட வேண்டியது அதன் ஓட்டத்தை. இதை இன்னும் ஒன்றிரண்டு தடவை சொல்வேன், வானொலி என்றபடியால் இடையில் வந்து கேட்கிறவர்களும் இருப்பார்கள்.

சரி, படலை, அதுதான் வளவின் வாசல் கதவு, அந்தக் கதைக்கு வருகிறேன். எனக்குப் பயிற்சி தந்த ரீச்சரின் மகளும் எங்களோடுதான் ஓடினாள். மைதானத்தில் அவள் தாயை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் பெட்டைகள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்போம். ஒருநாள் பயிற்சி முடிந்து அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனோம். படலையைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அவள் "அம்மா, பசிக்குது" என்றாள். மைதானத்தில் எங்களை உலுப்பி எடுத்த அதே மனிசி மகளின் தலையைத் தடவி, "கையைக் கழுவிப்போட்டு வா பிள்ளை, புட்டு இருக்கு" என்று சொன்னார். அன்றைக்கு அவள் ஓட்டத்தில் கடைசியாக வந்தவள். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டு, முட்டைக் கோப்பி குடித்துவிட்டு வந்தோம், அந்த நேரம் முழுக்க ஓட்டம் என்கிற பேச்சே அந்தக் குசினியில் வரவில்லை.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போன முதல் நாளே அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன். படலைக்கு வெளியே நான் ரீச்சர். படலைக்கு உள்ளே அம்மா. பயிற்சியைப் பற்றிய பேச்சு படலைக்கு உள்ளே வரக்கூடாது. சாப்பாட்டு மேசையில் வரக்கூடாது, தலை வாரி இழுக்கும்போது வரக்கூடாது, முக்கியமாக, தோற்றுவிட்டு வருகிற நாளில் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் பிள்ளை இருக்கும்போது வரவே கூடாது. அந்தப் பயணத்தைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைக்கு இறங்கி ஓட வழியில்லை, முகத்தைத் திருப்பவும் வழியில்லை, அப்பா முன்னால் இருந்துகொண்டு காற்றோடு கத்திக்கத்தி "கடைசி வளைவில ஏன் விட்டனி, கடைசி வளைவில ஏன் விட்டனி" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டு போவார். வலயப் போட்டி முடிகிற பின்னேரங்களில் வீதியில் நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா, கடைசி வளைவில் விட்டது?

என் மகள் சில நாட்களில் படலையடியில் நின்று, "அம்மா, இப்ப நீங்கள் அம்மாவோ ரீச்சரோ?" என்று கேட்பாள். கால் நோகிறது என்று சொல்வதற்கு அவளுக்கு அம்மா வேண்டும், ரீச்சர் வேண்டாம். ரீச்சர் என்றால் அடுத்த நாள் பயிற்சி குறையும் என்று பயம். நான் "இப்ப அம்மா" என்று சொன்னால் காலைக் காட்டுவாள். நோவை மறைக்காமல் சொல்கிற பிள்ளை நெடுங்காலம் விளையாடும். மறைக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு முழங்கால் விட்டுவிடும். நீங்கள் என்ன பயிற்சி கொடுத்தாலும் சரி, பிள்ளை நோவை வந்து சொல்கிற இடமாக வீட்டை வைத்திருங்கள்.

அடுத்தது, உங்களுக்குத் தெரிந்தது உங்கள் காலத்து அறிவு என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உயரம் பாய்தலையே எடுங்கள், அது எனக்குப் பிடித்த விடயம், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் உயரம் பாய்தல் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் எதிர்வீரசிங்கம். பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக், பிறகு 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2024இல் அவர் காலமானபோது எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டில் ஒருவரை இழந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் விழுவதற்கு இன்றைக்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, பாய்கிறவர்கள் காலால் தரையைத் தொடுகிற மாதிரிப் பார்த்துத்தான் பாய வேண்டும். பிறகு 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகைக் காட்டிக்கொண்டு தலை முன்னாகப் போய் 2.24 மீற்றர் தாண்டினார், அதோடு உலகமே மாறிவிட்டது. உலகம் மாறியது, எங்கள் மைதானத்து மணல் கிடங்கு மாறவில்லை! நான் பாய்ந்தது கத்தரி முறை, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கித் தாண்டுவது, அதுவும் மணலில். மணலில் யாராவது பொஸ்பரி முறையில் பாய்ந்தால் கழுத்து முறிந்துவிடும். ஆகவே நான் என் மகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் 1970ஆம் ஆண்டுப் பாய்ச்சலோடு இந்தக் காலத்துப் போட்டிக்குப் போயிருப்பாள். நான் திரும்பவும் படிக்கத் தொடங்கினேன். பயிற்சிப் பட்டறைகளுக்குப் போனேன், என்னைவிட வயதில் குறைந்த ஆசிரியர்களிடம் கேட்டேன். "எங்கட காலத்தில நாங்கள் இப்பிடியோ செய்தனாங்கள்" என்று நினைப்பு வரும்போதெல்லாம், எங்கட காலம் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோலூன்றிப் பாய்தல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெயர் எடுத்த விளையாட்டு. தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்ததை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த விளையாட்டில் இன்றைக்கு உலகத்தில் முதலாவதாக நிற்கிறவர் சுவீடன் நாட்டுக்காகப் பாய்கிற அர்மாண்ட் டுப்ளாண்டிஸ். 2025 செப்டெம்பரில் தோக்கியோவில் 6.30 மீற்றர் தாண்டினார். அவருடைய தகப்பன் கிரெக், அமெரிக்கர், தானும் கோலூன்றிப் பாய்ந்தவர், 5.80 மீற்றர் வரை தாண்டினவர். தாய் ஹெலினா சுவீடன்காரி, ஏழு நிகழ்ச்சிப் போட்டியில் ஓடிப் பாய்ந்து எறிந்தவர். லூசியானாவில் வீட்டு வளவுக்குள்ளேயே ஓடுபாதையும் மெத்தையும் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பாய்ச்சலைத் தகப்பன் பார்க்கிறார், உடற்பயிற்சியைத் தாய் பார்க்கிறார். எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லி "பாருங்கோ, தகப்பன் பழக்கினபடியால் பிள்ளை உலக சாதனை" என்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. அதே வளவில் அன்ட்வான் என்று இன்னொரு மகன் வளர்ந்தார். அதே தகப்பன், அதே தாய், அதே மெத்தை. அவர் பேஸ்போல் விளையாடப் போனார், நன்றாகவும் விளையாடினார். வளவுக்குள் ஓடுபாதை போட்ட மனிசரே மகன் வேறு விளையாட்டுக்குப் போகும்போது விட்டிருக்கிறார். எங்கள் வளவில் அது நடக்குமா?

எங்கள் வளவில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை, என் மாணவிகளுக்கு மனப்பாடம்.

என் மகள் சின்ன வயதில் உயரம் பாய்ந்தாள். மோசமில்லை, இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெல்வாள், வலய மட்டத்தில் இடம் எடுப்பாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு உடம்பு மாறியது. தோள் அகன்றது, உயரம் நான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பாய்ச்சல் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நேரம் பாடசாலை வலைப்பந்து அணியிலும் ஆடினாள். வலைப்பந்தில் ஒரு சட்டம் இருக்கிறது, ஆடினவர்களுக்குத் தெரியும்: மைதானம் மூன்று பகுதி, ஒரு முழுப் பகுதியைத் தாண்டிப் பந்தை எறியக்கூடாது, இடையில் யாராவது தொட வேண்டும். இவள் எறிகிற பந்து அப்படியே நடுப்பகுதியைத் தாண்டிப் போய்விடும். நடுவர் விசில். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் எறிவாள், திரும்பவும் விசில். அணியிலுள்ள பிள்ளைகள் "ஏனடி, கிட்ட நிக்கிற எனக்குத் தரமாட்டியோ" என்று சண்டை. வலைப்பந்து ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தா. நானும் வேலிக்கரையில் நின்று, கொஞ்சம் மெதுவாக எறிந்தால் என்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் வேறு ஒரு பாடசாலையில் படிப்பிக்கிற சேர் ஒருவர் நின்றார், எறிதல் நிகழ்ச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். மூன்றாவது விசிலுக்கு அவர் சிரித்தார். போட்டி முடிந்ததும் வந்து, "ரீச்சர், அந்தக் கையை வீணாக்காதேங்கோ. பிள்ளையை எனக்குத் தாங்கோ" என்றார்.

ஈட்டி எறிதலுக்குத்தான் கேட்டார். நான் ஈட்டியைக் கையால் தொட்டது பாடசாலைச் சாமான் அறையைத் துப்புரவாக்கும்போது மட்டும்தான். மகளைக் கேட்டேன். படலைக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். "உயரம் பாய்தல விட்டா உங்களுக்குக் கவலை வராதோ அம்மா?" என்று கேட்டாள். நான் "ரீச்சருக்கு வரும், அம்மாவுக்கு வராது" என்றேன். அடுத்த கிழமையே சேரிடம் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு என் வேலை சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோவதும், வேலிக்கரையில் இருந்து சேர் சொல்வதைக் கேட்பதும்தான். வாய் திறப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளர் இருந்தால் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. மாகாணத்தில் முதலாவதாக வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்குப் போக இரவு பஸ்ஸில் ஏறினோம். ஈட்டியைப் பிவிசி குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் பழைய துணியால் அடைத்து, பஸ்ஸின் நடைபாதையில் நீட்டி வைத்தோம், ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போனார்கள். நடத்துநர் முதலில் ஏசினார், பிள்ளை போட்டிக்குப் போகிறாள் என்றதும் அவரே காலால் ஒதுக்கி இடம் செய்தார். ஏ9 வீதியில் அந்த பஸ் போகும்போது நான் நித்திரை கொள்ளவில்லை. 1983இல் நான் போகாமல் நின்ற பாதை அது. ஆனால் அவள் போனது எனக்காக அல்ல, அந்த ஈட்டிக்காக. போய்ப் பதக்கத்தோடு வந்தாள்.

பெற்றோர் விளையாட்டு வீரராக இருந்தும் பயிற்சியை வேறொருவரிடம் கொடுத்ததற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் சிந்து. ஹைதராபாத் பி. வி. சிந்துவின் தாயும் தகப்பனும் கரப்பந்து வீரர்கள், தகப்பன் ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினவர். பிள்ளை பூப்பந்து, அதாவது பட்மின்டன், ஆடினாள், அவர்கள் பட்மின்டன் பயிற்சியாளர் கோபிசந்திடம் கொடுத்தார்கள். 2016இல் ஒலிம்பிக் வெள்ளி, 2019இல் உலக சம்பியன். எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் டி. கே. ராமநாதன் டெனிஸ் ஆடி மகன் ராமநாதன் கிருஷ்ணனைப் பழக்கினார், மகன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் எடுத்து, 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை போனார், அவருடைய மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை எடுத்தார். மூன்று தலைமுறை. பாலக்காட்டு நீளம் பாய்தல் வீரர் ஸ்ரீசங்கருக்கும் தகப்பன் முரளிதான் பயிற்சியாளர், முப்பாய்ச்சல் பாய்ந்தவர். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் மகனுக்கு வெள்ளி. ஆகவே பெற்றோர் பயிற்சி கொடுத்தால் சரிவராது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் நோர்வேயையும் பாருங்கள். இங்கபிரிக்ட்சன் சகோதரர்கள் மூன்று பேர், மூன்று பேரும் 1500 மீற்றரில் ஐரோப்பிய சம்பியன்கள், இளையவர் யாக்கோப் தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். தகப்பன்தான் பயிற்சியாளர், அவர் ஓட்டவீரராக இருந்தவரும் அல்ல. 2022இல் பயிற்சி நின்றது. 2023இல் மூன்று பிள்ளைகளும், தகப்பன் தங்களை மிரட்டியும் அடித்தும் வளர்த்தார் என்று பகிரங்கமாக எழுதினார்கள். வழக்கு நடந்தது. 2025இல் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து தகப்பனை விடுவித்தது, மகளை அடித்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் தண்டித்தது. தீர்ப்பு எப்படியும் இருக்கட்டும், ஒலிம்பிக் தங்கம் இருக்கிற வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் நீதிமன்றத்தில் எதிரெதிரே இருந்தார்கள். அந்த வீட்டில் படலை எங்கே இருந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

நேரம் பார்க்கச் சொல்லித் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார். வளர்கிற வயதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதிலும் ஆண் பிள்ளைகள் பதினான்கிலும் மிக வேகமாக உயர்வார்கள். அந்த நேரத்தில் முழங்கால் சிரட்டைக்குக் கீழே முன்பக்கம் புடைத்து நோகும், சிலருக்குக் குதிக்கால் நோகும். எலும்பு இன்னும் முற்றவில்லை, தசை அதைப் பிடித்து இழுக்கிறது, அதுதான் காரணம். எண்ணெய் தேய்த்துவிட்டு "ஓடினாச் சரியாகும்" என்று ஓடவிடாதீர்கள். பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறையுங்கள், நோவு நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கிழமைக்குப் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம், விளையாட்டு வைத்தியர்கள் சொல்கிற கணக்கு அது. பன்னிரண்டு வயதில் முதலாவதாக வருகிற பிள்ளை முந்தி வளர்ந்துவிட்ட பிள்ளையாகவும் இருக்கலாம், பின்னால் வருகிற பிள்ளை பதினாறில் தாண்டிவிடும். பன்னிரண்டு வயதுப் பதக்கத்தை வைத்துக்கொண்டு இது ஆகும், அது ஆகாது என்று முடிவெடுக்காதீர்கள்.

ரியூசன், சாதாரண தரப் பரீட்சை, பயிற்சி மூன்றையும் எப்படி ஒரு நாளுக்குள் வைப்பது என்பது பற்றி எழுதிக் கொண்டுவந்த பக்கம் அப்படியே கையில் இருக்கிறது. ஒன்று மட்டும்: பரீட்சைக்காகப் பயிற்சியை அடியோடு நிறுத்தாதீர்கள், கிழமைக்கு இரண்டு பின்னேரம் மைதானத்துக்கு விடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் பயிற்சியைப் பற்றி அம்மாமார் வாய்விட்டுக் கேட்க வேண்டும், பயிற்சி கொடுப்பது அப்பா என்றால் அம்மாவோ மாமியோ ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குக் கடையில் விற்கிற சத்து மா வகை ஒன்றும் தேவையில்லை, அவித்த பயறு, முட்டை, மீன், குரக்கன் புட்டு, போதியளவு தண்ணீர். சப்பாத்து அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு இலக்கம் பெரிதாக வாங்க வேண்டாம், கால் உள்ளே வழுக்கினால் கணுக்கால் பிரளும். தம்பி திரும்பவும் கை காட்டுகிறார். கேள்வி இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், எனக்குக் கொண்டுவந்து தருவார்கள், பதில் எழுதுவேன். நன்றி, வணக்கம்.